புவியியல் பிரிவு

ஆய்வக உதவியாளரின் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், மேல்நிலைப் பள்ளியின் புவியியல் அறை கட்டடத்தை விட்டுப் பிரிந்து வடமேற்காக நகரத் தொடங்கியது. முதலில் அது வெறும் விரிசல்தான். வணிகவியல் பிரிவுக்கும் புவியியல் பிரிவுக்கும் பொதுவாக இருந்த சுவரின் ஓரத்தில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கொத்தனார் வந்து சிமெண்ட் பூசினார். மறு மாதம் விரல் நுழைந்தது, மறுபடியும் பூசினார். மூன்றாம் முறை கை நுழையும் அளவு ஆனபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பூசுவதில் தனக்குக் கஷ்டமில்லை, ஆனால் அறை நின்றால்தான் பூச்சு நிற்கும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். பொறியாளர் ஒருவர் வந்து அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்து, கட்டடம் உறுதியாக உள்ளது, நகர்வு இயல்பானது என்று எழுதிக் கொடுத்தார். பொதுச் சுவர் யாருக்குச் சேரும் என்ற கேள்வி வந்தபோது வணிகவியலில் மாணவிகள் அதிகம் என்பதால் சுவர் அவர்களுக்கு என்று முடிவாயிற்று. புவியியலுக்கு அந்தப் பக்கம் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். மழை பெய்தால் பாடம் காதில் விழாது. வெயில் அடித்தால் தகரத்தின் ஓரம் உட்காருகிறவளின் தோள் சுடும். அதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

தொந்தரவு இருந்திருந்தாலும் கேட்பார் இல்லை. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களை முதலில் அறிவியலுக்குச் சலிப்பார்கள், பிறகு வணிகவியலுக்குச் சலிப்பார்கள், கடைசியில் சல்லடையில் மிஞ்சிய தவிட்டைப் புவியியலில் கொட்டுவார்கள். அங்கே சேர்ந்த பெண்களின் வீட்டிலும் அதை ஒரு படிப்பாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை வரும்வரை பெண் சும்மா இல்லை என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். பாடம் எடுத்த ஆசிரியரும் அதே கருத்துக் கொண்டவர். அறை நகர்கிறது என்று பிள்ளைகள் சொன்னபோது, "கண்டமே நகருது, இதுக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவைத் தொடர்ந்தார்.

தவிடாக வராமல், கேட்டு வாங்கிச் சேர்ந்தவள் ஆய்வக உதவியாளரின் மகள் ஒருத்திதான். அவளிடம் அறிவியலுக்கு வேண்டிய மதிப்பெண் இருந்தது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் மலை உச்சிகளில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன என்று ஒரு வரி வரும். அது எப்படி என்று அவள் கேட்டதற்கு, அது கேள்வித்தாளில் வராது என்று பதில் கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்குள் அந்தச் சிப்பி நெருடிக்கொண்டே இருந்திருக்கிறது. சேர்க்கை நாளில், ஊழியரின் பெண் என்ற சலுகையில் தலைமையாசிரியை தானாகவே அறிவியல் என்று எழுதப் போனபோது, "மேடம், எனக்குப் புவியியல்" என்றாள். தலைமையாசிரியை காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாவது முறை கேட்டார்.

அவளுடைய அப்பா அதே பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பல வருடங்களாகக் குப்பி கழுவியவர். அமிலம் பட்டுப்பட்டு அவருடைய விரல் நுனிகள் மஞ்சளாக இருக்கும். சாப்பிடும்போது அந்த மஞ்சள் யார் கண்ணிலும் படாதபடி கையைக் குவித்துக்கொள்வார். எத்தனையோ வீட்டுப் பெண்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவர் கழுவி வைத்த சோதனைக் குழாய்களில் நிறம் மாற்றிப் பார்த்துவிட்டு டாக்டராகவும் எஞ்சினியராகவும் போயிருந்தார்கள். தன் மகளுக்கென்று அவர் ஜன்னலோரம் இரண்டாவது மேசையைத் தேர்ந்து வைத்திருந்தார். அந்த மேசையின் குழாய் ஒழுகும். கோடை விடுமுறையில் தன் கைக்காசில் வாஷர் வாங்கி அதைச் சரிசெய்தார். கோட்டும் தைத்தாயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"மார்க் வரலன்னா மனசத் தேத்திக்கலாம். உனக்கு வருது, ஆனா வேணாங்கிற. அப்போ என்னை என்னன்னு நெனச்சிருக்க?"

"இதுல உங்களை நெனைக்க என்ன இருக்குப்பா? படிக்கப் போறது நான்தானே."

அவளைப் பொறுத்தவரை அது சாதாரணப் பேச்சு. அவருக்கு அது அமிலம் மாதிரி இறங்கியது. அன்று முதல் அவர் மகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "அவகிட்ட சொல்லு, லைட்டை அணைக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். மகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பாள். "அப்பாகிட்ட சொல்லும்மா, இன்னும் ஒரு பக்கம் இருக்குன்னு" என்பாள். நடுவில் நின்ற அம்மா, "நான் என்ன தபால்காரியா? ரெண்டும் ஒரே மரத்துக் கட்டை, எதுவும் வளையாது" என்று இரண்டு பக்கமும் திட்டுவாள். தைத்த கோட்டு கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது. பிறகு அம்மா அதைக் கிழித்துக் கைப்பிடித் துணியாக்கிக்கொண்டாள்.

அறை முதலில் நகம் வளரும் வேகத்தில்தான் போயிற்று. கண்டங்களும் அதே வேகத்தில்தான் நகர்கின்றன என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தினம் ஒரு சாண் என்று ஆனது, பிறகு முழம், பிறகு அதற்கும் மேல் என்று கூடிக்கொண்டே போனது. ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்தால் தகரச் சுவர் தெரியும். உதவியாளர் குழாய்களைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டே அது தள்ளிப் போவதைப் பார்ப்பார். மின்சாரக் கம்பியை இரண்டு முறை நீட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை கழற்றிவிட்டார்கள். மணிச் சத்தம் எட்டாமல் போனது. மதில் சுவர் வரை வந்தபோது சுவரை இடித்து வழிவிட்டு, அறை கடந்ததும் மறுபடியும் சுவரை எழுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு வாசல் வைக்கலாமே என்று ஆசிரியர் கேட்டதற்கு, இன்றைக்கு இங்கே வாசல் வைத்தால் நாளைக்கு அறை எங்கே இருக்கும் என்று தலைமையாசிரியை கேட்டார். அதில் நியாயம் இருந்தது. எனவே புவியியல் மாணவிகள் காலையில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்து, பள்ளியைச் சுற்றிக்கொண்டு தங்கள் வகுப்புக்கு நடந்தார்கள்.

நெடுஞ்சாலையைக் கடக்க அறைக்கு ஒரு வாரம் பிடித்தது. போலீஸ்காரர் ஒருவர் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தார்கள். நடுரோட்டில் நின்ற அந்த ஒரு வாரத்துக்குள் யாரோ தகரத்தின்மேல் டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்: டாக்டராக வேண்டுமா, இன்றே வாருங்கள். மாணவிகள் அதைச் சுரண்டிப் பார்த்தார்கள், முழுதாக வரவில்லை. பிறகு ரயில்வே கேட், அதற்கப்பால் தரிசு, அதற்கும் அப்பால் செங்கல் சூளைகள். தூரம் கூடக்கூட ஆட்கள் குறைந்தார்கள். சிலர் வணிகவியலுக்குக் கெஞ்சி மாறினார்கள். இரண்டு பேருக்குக் கல்யாணமானது. ஒருத்தி செருப்புத் தேய்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். அவள் வீட்டில் அது உண்மையான காரணம்தான். ஆசிரியர் பயணப்படி கேட்டு எழுதினார். வகுப்பறை பள்ளி வளாகத்தின் ஒரு பகுதி, வளாகத்துக்குள் நடப்பதற்குப் படி கிடையாது என்று பதில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் அவருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஆய்வக உதவியாளரின் மகள், லாரிக்காரரின் மகள். லாரிக்காரரின் மகள் சத்தமாகச் சிரிக்கிறவள். அப்பா எந்தெந்தச் சாலையில் எங்கெங்கே டயர் மாற்றினார் என்று சொல்லியே ஊர்களை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். அவளுக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும். லாரிக்காரர் மகளோடு ஒரு பேச்சு முடித்திருந்தார்: "பாஸானா நீ கேட்ட படிப்பு. இல்லைன்னா நான் பார்த்த மாப்பிள்ளை. அப்புறம் அழக்கூடாது." அவளும் சிரித்துக்கொண்டே கைமேல் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். மாப்பிள்ளை லாரி முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், முதல் மனைவியை இழந்தவர். இரண்டு பெண்களும் ஆசிரியர் இல்லாத அறையில் ஒருத்திக்கு ஒருத்தி பாடம் எடுத்துக்கொண்டார்கள். களிமண் எடுத்த பள்ளங்களின் ஓரமாக அறை போனபோது வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி மண்ணின் அடுக்குகளை வரைந்தார்கள். மேலே கறுப்பு, நடுவில் செம்மண், அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அது என்னவென்று ஒருத்தி பள்ளத்தில் இறங்கிக் கிள்ளி எடுத்து வந்தாள், மற்றவள் வாயில் போட்டுப் பார்த்தாள். இருவருடைய வாழ்க்கையிலும் அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன என்று சொல்லத்தான் வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அடுத்த பள்ளியில் ஏதோ மாற்றமாம். தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பெரிதாக வைக்கச் சொன்னார். வரைபடங்கள், மழைமானி, அளவைச் சங்கிலி எல்லாம் அந்த அறையோடு சூளைகளுக்கு அப்பால் இருந்தன. அவ்வளவு தூரம் தன்னால் நடக்க முடியாது, பெண்களைக் கருவிகளோடு வரச் சொல்லுங்கள், மதியம் வரை இருக்கிறேன் என்றார். அந்தக் காலத்தில் தொலைபேசி தலைமையாசிரியையின் மேசையில் மட்டும்தான். செய்முறைத் தேர்வு எதுவானாலும் ஆள் கூட்டி வருவது ஆய்வக உதவியாளரின் வேலை. "உங்க பொண்ணுதானே, சைக்கிளை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் தலைமையாசிரியை.

உதவியாளர் புறப்பட்டது உண்மை. நெடுஞ்சாலையைக் கடந்ததும், ரயில்வே கேட்டைத் தாண்டியதும் உண்மை. சூளைகளுக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் வெயிலில் மின்னும் தகரச் சுவர் தெரியும். டீ குடிக்க இறங்கினார். குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. இன்று அவள் வராவிட்டால் செய்முறையில் இல்லை. செய்முறையில் இல்லாவிட்டால் பாடத்தில் இல்லை. பாடத்தில் இல்லாவிட்டால் ஒரு வருடம் போகும். ஒரு வருடம் போனால் போகட்டும், அறிவியலில் முதலிலிருந்து சேர்க்கலாம், தலைமையாசிரியை இல்லையென்று சொல்ல மாட்டார். இரண்டு வருடமாக வாயைத் திறந்து கேட்க முடியாத ஒன்றை, ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்தே வாங்கிவிடலாம். கெடுதல் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. புதைகுழியில் போகிற பிள்ளையைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலத்தான் நினைத்தார். அந்த அறையில் இன்னொருவர் பெண்ணும் இருக்கிறாள் என்பது அவர் நினைப்புக்கு வரவே இல்லை. அதை மன்னிக்கலாமா கூடாதா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"ரூம் பூட்டியிருக்கு மேடம். யாருமில்ல."

தேர்வாளர் இரண்டு எண்களுக்கு எதிரே வரவில்லை என்று எழுதி, பிஸ்கட்டை முடித்துவிட்டு விடுதிக்குப் போனார்.

மாலையில் லாரிக்காரரின் மகள் செங்கல் ஏற்றிய வண்டியில் தொற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஆய்வக உதவியாளரின் மகள் தனியாக நடந்து வந்தாள். டீக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பரீட்சை எல்லாம் நல்லா எழுதினியா?"

"இன்னிக்கு ஏதுண்ணே பரீட்சை? அது அடுத்த வாரம்."

"உங்கப்பா வந்தாரே. பரீட்சைக்கு ஆபீசர் வந்திருக்கார், பொண்ணைக் கூப்பிடப் போறேன்னார். இதோ, இந்த பெஞ்சுலதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். வெயில் தாழப் போவார்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா வந்த வழியே திரும்பிட்டார். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள், அப்பாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாள். தலைமையாசிரியையின் வீடு அவள் போகும் வழியில்தான் இருந்தது. வெளிவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேர்வாளர் அன்றிரவு ஊரில்தான் தங்கியிருந்தார். உள்ளே போய் நடந்ததைச் சொன்னால் காலையில் தேர்வு நடந்துவிடும். அப்பாவின் வேலை போய்விடும். வாசலில் நின்று இதை நினைத்தாளா, நடந்துகொண்டே நினைத்தாளா தெரியாது. அவள் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளும் கைகால் கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டில் பேசப்பட்ட ஒரே வார்த்தை 'தண்ணி'. அதையும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனபோது விஷயம் தெரிந்து லாரிக்காரரின் மகள் தலைமையாசிரியையின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் அறையில்தான் இருந்தோம் என்று சொல்லிப் பார்த்தாள். பூட்டியிருந்ததைப் பார்த்த ஊழியரை நம்புவதா, உன்னை நம்புவதா என்று கேட்டார்கள். அந்த ஊழியர் யாரென்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்து தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லுடி. நேத்து யாராச்சும் வந்து நம்மளைக் கூப்பிட்டாங்களா?"

"யாரும் வரல."

அது ஓர் எழுத்துகூடப் பொய் இல்லாத பொய். எழுத்துத் தேர்வை இருவரும் நன்றாகவே எழுதினார்கள். முடிவு வந்தபோது இருவருக்கும் புவியியலில் தேர்ச்சி இல்லை. லாரிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். மாதம் முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. ஆய்வக உதவியாளரின் மகள் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்தாள். அன்று மாலை அவளுடைய அப்பா இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். குரல் இளகியிருந்தது.

"போனது போகட்டும்மா. சயின்ஸ்ல சேர்ந்துக்கலாம். மேடம்கிட்ட அப்பவே பேசி வச்சிட்டேன். ரெண்டாவது மேசை. குழாய் ஒழுகாது."

"எப்பவேப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு புவியியல் அறைக்குக் கிளம்பினாள். பாதி வழி வரை கூடவே வந்த அம்மா, "என்னதான்டி நடந்துச்சு உங்களுக்குள்ள? என்கிட்டயாவது சொல்லித் தொலையேன்" என்றாள். "ஒண்ணும் நடக்கலம்மா. நடக்க வேண்டியது நடக்கல" என்றாள் மகள். அம்மா அதை வழக்கமான திமிர்ப் பேச்சு என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறை அதற்குள் ஆற்றங்கரையை அடைந்திருந்தது. தண்ணீர் குறைந்த நாட்களில் அது ஆற்றைக் கடந்தது. மகளும் அதோடு கடந்தாள். மறு வருடம் தனித்தேர்வராக எழுதினாள். அந்த முறை தேர்வாளர் யாரையும் கூட்டிவரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறை அவருடைய சொந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால், பல் துலக்கிவிட்டு வந்து தேர்வை முடித்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பிறகு அஞ்சல் வழியில் பட்டம், அதன்பின் இன்னொரு பட்டம். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் இன்ன பள்ளிக்குப் புவியியல் அறை ஒன்று உண்டு, ஆசிரியர் இல்லை என்று கண்டுபிடித்து அவளையே அங்கே நியமித்தார்கள். போகும் வழியில் இருந்த ஊர்ப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அறை ஓர் ஊரைக் கடக்கும்வரைதான் அந்த ஊர்க்காரர்களுக்கு வகுப்பு. ஓர் ஊர்ப் பெண்களுக்கு ஆறுகள் மட்டும் தெரியும், அடுத்த ஊர்ப் பெண்களுக்கு மண்வகை மட்டும் தெரியும், காற்றுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் மலையடிவாரத்தில் இருந்தார்கள். கேள்வித்தாளோ எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பாதிப் பேர் தோற்றார்கள். அவர்களுடைய அப்பாக்கள் தங்கள் பெண்களைத் திட்டினார்கள், சிலர் அறையின்மேல் கல்லெறிந்தார்கள். பழைய பள்ளியில் அறை இருந்த காலி இடத்தில் புதிய வேதியியல் ஆய்வகம் கட்டித் திறந்தார்கள். உதவியாளர் அதில்தான் ஓய்வு பெற்றார்.

ஒருமுறை அறை லாரிக்காரரின் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் வழியாகப் போயிற்று. அவள் இடுப்பில் குழந்தையோடு ஏறி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பாடவேளை முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை. குழந்தை அழுதபோதெல்லாம் வெளியே போய் நின்றுவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். பாடம் முடிந்து பெண்கள் போனபின், தோழிகள் இருவரும் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு யாரைடி அனுப்பினாங்க நம்மளைக் கூப்பிட?"

"தெரியல."

லாரிக்காரரின் மகள் அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்கப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார்."

"இருக்கட்டும்" என்று சொல்லி, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். அறை அந்த ஊரைத் தாண்ட மேலும் சில நாட்கள் ஆயின. அவள் மறுபடியும் வரவில்லை. அவள் வீட்டு ஜன்னல் அறையைப் பார்த்துத்தான் இருந்தது.

அம்மா இருந்தவரை அறை இருக்கும் இடத்தை விசாரித்து விசாரித்து வருடத்துக்கு ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தாள். அம்மா இறந்தபோது தந்தி, அறை முன்பிருந்த ஊருக்குப் போய், அங்கிருந்து பின்தொடர்ந்து வந்து சேர்வதற்குள் காரியமெல்லாம் முடிந்திருந்தது. மகள் வந்து ஒருநாள் இருந்தாள். வீட்டைக் கழுவிவிட்டாள், அப்பாவுக்குச் சமைத்து வைத்தாள், வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டாள். தபால்காரி போய்விட்டதால் அதன்பின் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொல் போகவும் வழியில்லாமல் இருந்தது. கொஞ்சகாலம் தனியாக இருந்து பார்த்த பிறகு ஆய்வக உதவியாளர் ஒரு காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். மூன்று பஸ் மாறி, அறை போய்க்கொண்டிருந்த பொட்டல் வெளியில் ஒரு நிறுத்தத்தில் இறங்கினார். அறை அப்போது வயதானவர் கைத்தடியோடு நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவரிடம் கைத்தடி இல்லை. கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது. மகள் வாசலில் நின்று கையை நீட்டினாள். மஞ்சள் விரல்களைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள்.

மதிய இடைவேளை. பெண்கள் பின்பெஞ்சுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவள் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் குடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அதற்குள் வருவது அதுதான் முதல்முறை. காற்று இருக்கிறது என்றார். ஆமாம் என்றாள். தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே அவர் பேசினார்.

"அன்னிக்குப் பரீட்சைக்கு உன்னைக் கூப்பிட வந்தேம்மா. கேட் தாண்டினதும் டயர் பஞ்சர். தள்ளிட்டுத் தள்ளிட்டு எவ்வளவு தூரம் வர்றது? அதான் ரூம் பூட்டியிருக்குன்னு சொல்லிட்டேன்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வரும் வழியெல்லாம், ஒருவேளை பல வருடங்களாக, அவர் அந்த வாக்கியத்தைச் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும். அதில் ஒரு பிசிறும் இல்லை. உண்மையைச் சொல்ல வந்தவர் வாசலில் ஏறும்போது மனம் மாறினாரா, இல்லை பஞ்சர்தான் உண்மை என்று தானே நம்பத் தொடங்கியிருந்தாரா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

"அந்த ரோடு அப்படித்தான்பா. முள்ளு ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று ஒரு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தார், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "வீட்ல தனியா இருக்கிறதுக்கு..." என்று ஆரம்பித்தார். மகள் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே கிளம்பினீங்கன்னா பஸ்ஸைப் பிடிச்சிடலாம்பா. பேசிட்டு நின்னா ஸ்டாப் இன்னும் தள்ளிப் போயிடும்."

அவள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் இல்லை என்பது உண்மை. அவர் எழுந்தார். இறங்கும்போதும் அவள் கையைக் கொடுத்தாள். அறை போகிற பக்கமாகக் காலை வையுங்கள், எதிர்ப்பக்கம் பார்த்து இறங்காதீர்கள் என்றாள். ஒரு பெண் கைமணியை அடித்தாள். பெண்கள் டப்பாக்களை மூடினார்கள். அவர் தார்ச்சாலைக்கு வந்து, அறைக்கு முதுகு காட்டி, நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பாதி தூரம்வரை, காற்று திரும்பும்போதெல்லாம், மண் அரிப்பைப் பற்றி அவள் பாடம் நடத்துவது துண்டு துண்டாகக் கேட்டது.

நிறுத்தத்தில் ஒரு பெண்மணி மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பிள்ளை சாலை ஓரத்தில் நின்று தூரத்தில் நகர்ந்துபோகும் அறையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்து நின்ற பெரியவரும் அந்தப் பக்கமே பார்ப்பதைக் கண்டு, வெளியூர்க்காரர் போலிருக்கிறது என்று நினைத்த அந்தப் பெண்மணி, கேட்காமலே சொன்னாள்.

"அது புவியியலுங்க. போயிட்டேதான் இருக்கும், நிக்காது."

பிறகு பிள்ளையைப் பார்த்து, "டேய், ரோட்டை விட்டுத் தள்ளி நில்லு, பஸ் வருது" என்றாள்.